மரப்பாலத்துப் பேனர்

தணிகாசலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். என் கட்சிக்காரியைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிற மனிதர், நான் வராந்தாவில் வருவதைக் கண்டால் பெஞ்சில் தன் இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, "உட்காருங்க மேடம்" என்பார். கடலூர் சாலை நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கறுப்புக் கோட்டோடு அலைகிறேன். எதிர்த்தரப்பு ஆட்கள் முறைப்பார்கள், முணுமுணுப்பார்கள், ஒருவன் என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துவிட்டும் போயிருக்கிறான். அதெல்லாம் பழகிப்போனது. இந்த மரியாதைதான் பழகவில்லை.

கட்சிக்காரி கலைமகள். 'மணிக்கூண்டு' என்று ஒரு வாரப் பத்திரிகை, அதே பெயரில் யூடியூப் சேனல். காந்தி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். ஆசிரியர், நிருபர், கேமரா எல்லாம் அவள்தான். கூட இரண்டு பேர் மாதம் முழுக்க அவளிடம் சம்பளத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். வாய்த்துடுக்கு அதிகம். எனக்கு அவளைப் பிடிக்கும், அதை அவளிடம் சொன்னதில்லை.

வழக்கு இதுதான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மணல் சேர்ந்து மேடாகிவிட்டது. அதைத் தூர்வாரும் கான்ட்ராக்ட் தணிகாசலத்துடையது. வாரிவிட்டோம் என்று கணக்குக் காட்டிய அடுத்த மாதமே அந்த மணல்மேட்டில் தட்டி ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்தது. சாமிக்கண்ணு என்ற மீனவர் செத்துப்போனார். பிறகு கலைமகள் ஒரு வீடியோ வெளியிட்டாள். அதில் தூர்வாரும் மிஷினில் வேலை செய்கிற ஒருவன், முகத்தை மறைத்து, குரலை மாற்றிப் பேசினான். "மிஷின் ஓடும், டீசல் எரியும், மண்ணு மட்டும் வராது. ஆபீசருங்க பார்க்க வர்ற அன்னிக்குத்தான் வாருவோம். சாமிக்கண்ணு செத்த எடத்துலதான் நாங்க மிஷின சும்மா ஓட்டிக்கிட்டு நின்னோம்." இதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். மாற்றிய குரலில் அழுகை கேட்பதற்கு என்னவோ போலிருந்தது. ஊரே அதைப் பார்த்தது.

தணிகாசலம் கத்தவில்லை, ஆள் அனுப்பவில்லை. நேராக நீதிமன்றம் வந்து அவதூறு வழக்குப் போட்டார். அப்படி ஒரு வேலையாள் தன்னிடம் இல்லவே இல்லை, யாரையோ பிடித்து வந்து நடிக்கவைத்துத் தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்பது புகார். நிரூபணமானால் கலைமகளுக்கு இரண்டு வருஷம் வரை சிறை.

உண்மையைச் சொன்னோம், ஊர் நன்மைக்காகச் சொன்னோம் என்று காட்டிவிட்டால் அவதூறு ஆகாது. சட்டம் அந்த வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் ஒரிஜினல் வீடியோவைக் கொடுக்க வேண்டும், மறைக்காத முகத்தோடு, மாற்றாத குரலோடு. கொடு என்று குற்றம் சாட்டப்பட்டவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காவிட்டால் சும்மா கையை வீசிக்கொண்டு நின்று தோற்கலாம், அவ்வளவுதான். செய்தி சொன்னவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு நிருபர் சொல்வதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் ஒரு வரி இடம் கிடையாது. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதைக் கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தவர்கள் இதை எழுத மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் நாளே கலைமகள் என்னிடம் சொல்லிவிட்டாள், "அக்கா, ஒரிஜினல் வராது. வேற வழியில நடத்துங்க." யார் என்று நானும் கேட்கவில்லை, சொல்லவும் விடவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தேன். அவன் மனைவி பிள்ளைக்காரன், ஏழை, பயந்தவன் என்று மட்டும் சொன்னாள்.

தணிகாசலத்தின் வக்கீல் விஜயராகவன், என்னோடு படித்தவர்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே பாட்டு. ஒரிஜினலைக் கொடுங்கள், பார்த்துவிட்டு வழக்கையே முடித்துக்கொள்கிறோம். சாட்சிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை, என் கட்சிக்காரியின் பழைய கட்டுரைகளைத் தோண்டவில்லை. ஜெயிக்க நினைக்கிற வக்கீல் இப்படி வழக்கு நடத்த மாட்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கேன்டீனில் தணிகாசலம் என் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மெதுவான பேச்சு. பேத்திக்கு லாஸ்பேட்டையில் காலேஜ் இடம் கிடைத்த கதையெல்லாம் சொன்னார். கிளம்பும்போது டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போறதுல எனக்கு இன்னா மேடம் லாபம்? எனக்கு யாரு மேலயும் கோவம் கெடையாது. எங்கூட்டு சோத்தத் தின்னுட்டு எவன் பேசனான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

டீ ஆறிப்போய்விட்டது. அந்த வழக்கு எதற்காகப் போடப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. தீர்ப்பு அவருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு பெயர். அந்தப் பெயரைத் தோண்டி எடுக்க அவர் கடப்பாரை தேடி அலையவில்லை, நீதிமன்றத்தையே கடப்பாரையாகப் பிடித்துக்கொண்டார். அதற்கு நானும் தேதிக்குத் தேதி ஆஜராகிக்கொண்டிருந்தேன்.

கலைமகளிடம் சொன்னபோது அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. மிஷினில் வேலை பார்க்கிறவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு, வாழை இலை போட்டுச் சாப்பாடு போட்டு, புது வேட்டி கொடுத்து, நீயா என்று கேட்டாராம். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எல்லோரும் சாமி மேல் சத்தியம் செய்துவிட்டு வேட்டியோடு திரும்பினார்கள். அவளுடைய ஆளும் சத்தியம் செய்தான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாள்.

பிறகு மணிக்கூண்டை அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தார் மிஷின் ரிப்பேர் என்றார். விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரர் போனை எடுப்பதை நிறுத்தினார். துணிக்கடை வாசலில் ஒருவன் தினமும் பைக்கில் சாய்ந்து நின்று, மாடிப்படியில் ஏறுகிறவர்களையெல்லாம் செல்போனில் படம் எடுத்தான். போலீஸில் சொன்னால், தெருவில் நின்று படம் எடுப்பது குற்றமா என்று கேட்டார்கள். பத்திரிகைக்காரி நீங்களே அதைத்தானேம்மா செய்கிறீர்கள் என்று சிரித்தார்களாம்.

நீதிபதிக்கும் பொறுமை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியம், ஒரிஜினல் இருந்தால் அன்றைக்குத் தாக்கல் செய்யுங்கள், இல்லையென்றால் இல்லையென்று எழுதிக்கொடுங்கள், அதற்கு மேல் வாய்தா கிடையாது என்று முடித்துவிட்டார். வெளியே வந்ததும் கலைமகளிடம், தோற்க வாய்ப்பு அதிகம், மேல்முறையீடு இருக்கிறது, ஜாமீன் கிடைக்கும், ஆனாலும் யோசி என்றேன். "நான் உள்ள போனா திரும்பி வந்துடுவேன்க்கா. அவன் போனா வர மாட்டான்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் தேங்காய்த்திட்டில் மீன் வாங்கலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினேன். மரப்பாலம் சந்திப்பில் சிக்னல் விழுந்தது. நம் ஊரில் பேனர் வைக்கத் தடை. அதனால்தான் எல்லாச் சந்திப்பிலும் பேனர் இருக்கிறது. பிறந்தநாள், கல்யாணம், கருமாதி, கட்சியில் வட்டச் செயலாளர் பதவி, எதுவானாலும் மூங்கில் நட்டு ஃப்ளெக்ஸ் கட்டிவிட வேண்டும். அதில் வீட்டுக்காரர் படத்தைவிட வாழ்த்துகிறவர்கள் படம்தான் அதிகம். மாமன், மச்சான், பங்காளி, தெருக்காரன், கடன் கொடுத்தவன் எல்லோரும் அடுக்கடுக்காகக் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் படம் விட்டுப்போனால் அவர் விசேஷத்துக்கே வர மாட்டார். இதனால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்களுக்கு பாகப்பிரிவினை வழக்கு நடத்தியிருக்கிறேன்.

சிக்னலுக்காக நின்றவள் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். 'காதணி விழா' என்று கொட்டை எழுத்து. நடுவில் பட்டுப்பாவாடையில் ஒரு சின்னப் பெண், 'செல்வி அபி'. கீழே அப்பா முருகையன், அம்மா அஞ்சலாட்சி, முதலியார்பேட்டை. மேல் வரிசையில் பெரிய வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக தணிகாசலம். 'எங்களை வாழவைக்கும் முதலாளி அவர்களே வருக.' அதைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலையாள் வீட்டு விசேஷத்தில் முதலாளி படம் போடுவது வழக்கம்தான். அடுத்த வட்டத்தில் கண் போனது. கலைமகள். அவளுடைய வாட்ஸ்அப் படம், கூலிங் கிளாஸோடு. 'எங்கள் குடும்பத்தின் பாசமிகு அக்கா, மணிக்கூண்டு ஆசிரியர்.'

சிக்னல் பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்து, ஒருவன் என்னைத் திட்டிவிட்டுப் போனான். எனக்குக் கால் தரையில் ஊன்றியபடியே இருந்தது. நான் தெரிந்துகொள்ளவே கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டிருந்த பெயரை நடுச்சந்தியில், பத்தடி உயரத்தில், நான்கு கலரில் அடித்து வைத்திருந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் அதைப் படித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

கலைமகளுக்கு போன் செய்தேன். எந்தப் பேனரும் அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேலே பார்த்தாள். வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போனதோ, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முருகையன் வீடு கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அப்பா மில் தொழிலாளியாக இருந்த காலத்தில் கட்டிய வீடு. வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் செட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலி போட்டான், கலர் வாங்கிவர ஆள் அனுப்பினான். மெலிந்த உடம்பு, சிரித்த முகம். அஞ்சலாட்சி மஞ்சள் பூசிய கையோடு வந்து கலைமகளின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

கலைமகள் அவனை உள்ளே கூட்டிப்போய்க் கேட்டாள். ஏன்டா என் படத்தைப் போட்டாய் என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. சாமிக்கண்ணு செத்ததிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்தவன், அக்காவிடம் சொன்ன பிறகுதான் மனுஷனானேன், அக்கா படம் இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்துவேனா என்றான். அந்த விஷயத்தைப் பற்றித்தான் யாரிடமும் மூச்சு விடவில்லையே, படம் போடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றான்.

"உங்க முதலாளி இதப் பார்த்தா என்ன நினைப்பாரு முருகையா?" என்று கேட்டேன்.

"பார்த்துட்டாரே மேடம்" என்றான். "டிசைன் போட்டதுமே அவருக்குத்தான் மொதல்ல அனுப்பனேன். அவரு படம் போட்டுக்கிட்டு அவர கேக்காம இருக்க முடியுமா? கைகூப்பற பொம்மை ஒண்ணு போட்டாரு. அப்பறமாத்தான் பிரின்டுக்கே குடுத்தோம்."

வெளியே மைக் செட் ஆள் ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதிரி ஆட்களுக்கு நாளைக்குப் பத்துப் பேனர் போனில் வரும், எதையும் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார், பொம்மையைத் தட்டிவிட்டிருப்பார் என்று நான் சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ. முருகையனின் மச்சானை அனுப்பிப் பேனரை இறக்கினோம். பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்க ஆகும் என்று அவன் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உடனே ஊரை விட்டுக் கிளம்பு, காலாப்பட்டில் உன் தங்கச்சி வீட்டில் போய் இரு என்று கலைமகள் கெஞ்சினாள். நாளைக்குக் காலையில் பிள்ளைக்குக் காது குத்து, பாகூரிலிருந்து சனங்கள் வருகிறார்கள், நான் இல்லாமல் எப்படி என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். புதன்கிழமை போகிறேன் என்று கலைமகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. சாயங்காலம் அவனே போன் செய்தான். முதலாளி நேரில் வந்தாராம். பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டாராம், தங்கத் தோடு போட்டாராம், பந்தியில் கடைசி வரை உட்கார்ந்து பாயசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாராம். "கோவம் இருந்தா எங்கூட்ல கை நனைப்பாராக்கா? நீங்கதான் சும்மா பயந்துட்டீங்க" என்று கலைமகளைத் தேற்றினான். அவள் அதை என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் கூட்டம். கலைமகளுக்கு ஆதரவாக நிருபர்கள், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்று கதவு வரை நின்றார்கள். ஒரிஜினல் இல்லை என்று எழுதிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். தணிகாசலம் வழக்கம்போல எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். கலைமகள் கூண்டில் ஏறினாள். விஜயராகவன் எழுந்து, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவருடைய கட்சிக்காரருக்கு வயதாகிவிட்டது, மன அமைதி வேண்டும் என்கிறார், பத்திரிகைச் சுதந்திரத்தின் மேல் அவருக்கு மரியாதை உண்டு. மடித்து வைத்திருந்த மனுவை நீட்டினார். பின்னால் மாணவர்கள் கைதட்ட ஆரம்பித்து, போலீஸ்காரர் அதட்டியதும் நிறுத்தினார்கள்.

நீதிபதி என்னைப் பார்த்து, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்றார். கேட்க வேண்டிய கேள்விகூட இல்லை அது. வாபஸ் வாங்கினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விடுதலை, அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை. இத்தனை வருஷத்தில் என் கட்சிக்காரர் விடுதலையாவதைத் தடுக்க ஒரு செக்‌ஷன் கிடைக்குமா என்று நான் தேடியது அந்த ஒரு நிமிஷம்தான். கிடைக்கவில்லை.

கூண்டிலிருந்து கலைமகள் பேசினாள். "ஐயா, கேச முடிக்காதீங்க. நடத்துங்க ஐயா. என்னை உள்ள போடுங்க, பரவால்ல."

சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் புன்னகைத்தார். உங்களுக்கு விடுதலைம்மா, சந்தோஷமாக வீட்டுக்குப் போங்க என்றார். அவள் கம்பியை விடவில்லை. போலீஸ்காரர் வந்து, இறங்குங்கம்மா, அடுத்த கேஸ் இருக்குது என்று தோளைத் தொட்டு இறக்கினார்.

வெளியே மாலை போட வந்துவிட்டார்கள். யாரோ இனிப்புப் பெட்டியைத் திறந்தார்கள். இந்தக் கூச்சலுக்கு நடுவே தணிகாசலம் என்னைத் தேடிவந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கையும் கூப்பினார். "ரொம்ப நாளா ஒங்கள அலைய வெச்சிட்டேன் மேடம். வேலை முடிஞ்சிட்டுது" என்றார். அவருடைய கார் கதவை யாரோ திறந்துவிட்டார்கள்.

முருகையன் நம்பரை நான்தான் போட்டேன். மணி நெடுநேரம் அடித்த பிறகு அஞ்சலாட்சி எடுத்தாள்.

"அவரு வேலைக்குப் போயிட்டாரு மேடம். காலைல முதலாளியே கார் அனுப்புனாரு. போன் தண்ணில வுழுந்துடும், ஊட்லயே வெச்சிட்டு வான்னு சொன்னாங்களாம். முகத்துவாரத்துல இன்னியிலேர்ந்து நெசமாவே வாரப் போறாங்களாம், இவருதான் அதுக்குப் பெரிய ஆளாம்."

கூட யார் யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாருமில்ல மேடம். மத்தவங்களுக்கு இன்னிக்கு லீவாம். இவருக்கு மட்டுந்தான் வேலை." பின்னால் அபி எதற்கோ சிணுங்கும் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி அவளைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி பேசினாள். "கேசு முடிஞ்சி அக்காவ வுட்டுட்டாங்களாமே, டிவில சொன்னாங்க. அவரு கேட்டா துள்ளிக் குதிப்பாரு. வந்ததும் சொல்றேன் மேடம்."